பப்பாளி முதலில், கிணற்று மருந்து பிறகு

மதினி,

போன வாரம் திருச்சிக்கு மகள் வீட்டுக்கு வந்தேன். பாத்திரம் கழுவ ஒரு மெஷின் வாங்கியிருக்கிறாள். கதவைத் திறந்து தட்டுகளை வரிசையாக நிறுத்தி, சின்னதாக ஒரு வில்லையைப் போட்டு மூடிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. வில்லை பாதி வெள்ளை, பாதி நீலம். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம் அடித்தது. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நான் வேறு ஒரு வாசனையை எதிர்பார்த்திருந்தேன், அது என்ன என்று உனக்குத் தெரியும்.

மகள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள், எதையும் விளக்காமல் விடமாட்டாள். வில்லையில் ஒரு பக்கம் என்சைம் இருக்கிறதாம், காய்ந்துபோன முட்டை, கறி, சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் அது செரித்துவிடுமாம். இன்னொரு பக்கம் கறையை வெளுக்கும் பிளீச். இரண்டையும் ஒரே சமயத்தில் தண்ணீரில் விட்டால் பிளீச் முதலில் என்சைமைத்தான் கொல்லும். அதனால் பிளீச்சுக்கு மேலே ஒரு பூச்சு பூசி, அது தாமதமாக வெளியே வரும்படி செய்திருக்கிறார்கள் என்றாள். கம்பெனிக்காரன் மூளையைப் பாரும்மா என்று வேறு சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதைப் புதுக்கோட்டையில் நாங்கள் எப்போதோ செய்துவிட்டோமடி என்றேன். “தெரியும்மா, நீ கண்டுபிடிச்சதுதானே, நூறு தடவ சொல்லியிருக்க” என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் அங்கேயே நின்றேன். நீ கண்டுபிடிச்சது என்ற சொல் வழக்கமாக எனக்கு இனிக்கும், அன்றைக்கு முள்ளாகக் குத்தியது. நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் சொல்லும் விதத்தில் நீ ஒருநாளும் கேட்டதில்லை.

அறுபதுகள் பிறந்த நேரம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். நான் உன்னை மதினி என்பேன், நீயும் என்னை மதினி என்பாய். யார் யாருக்கு அண்ணன் பெண்டாட்டி என்று கேட்டால் இரண்டு பேருக்குமே பதில் தெரியாது. உன் புருஷன், உங்கள் பேச்சில் மாப்பிள்ளை, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அறுபது பீங்கான் சகன்கள் உன்னிடம் இருந்தன. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் அகலத் தட்டு அது. அவர் மௌத்தான பிறகு அந்தச் சகன்களைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுத்தான் நீயும் உன் மகள் ஜமீலாவும் கஞ்சி குடித்தீர்கள். என்னிடம் அதுவரை வற்றாத ஒரு கிணறும், கொல்லையில் ஏழெட்டுப் பப்பாளி மரமும், சும்மா இருக்கத் தெரியாத கையும் இருந்தன. தட்டு உன்னுடையது, தண்ணீர் என்னுடையது, கழுவுவது இருவரும் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சுக்குச் சாட்சி மண்சுவர் மட்டும்தான்.

சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் பீங்கானின் வழவழப்பு போய்விடும் என்று நீ தொடவிட மாட்டாய். விருந்துக் கறி முரண்டு பிடித்தால் பப்பாளிக்காய்த் தோலைப் போட்டு வேகவைப்பது உங்கள் வீட்டு வழக்கம். கறியையே கரைக்கிற சாமான், தட்டில் ஒட்டிய கறியைக் கரைக்காதா என்று நீதான் முதலில் கேட்டாய். வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சைக் காயைத் துருவிப் போட்டுச் சகனை ஊறவைத்தோம். காய்ந்த முட்டை ஒரு துடைப்பில் கையோடு வந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பப்பாளி செத்துவிடுகிறது, வெதுவெதுப்புதான் அதற்குப் பிடிக்கும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நம் விரல் நுனிகளையும் அது விட்டுவைக்கவில்லை. தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தோம்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துத் தை மாதத்திலேயே என் கிணற்றில் வாளி தரை தட்டியது. ஊரில் அங்கங்கே வாந்திபேதி. வாடகைக்குப் போகும் பாத்திரம் எதுவானாலும் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் முக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிணறுகளில் போடும் அதே வெள்ளைத்தூள்தான். நாம் அதைக் கிணற்று மருந்து என்போம். மஞ்சள் கறையையும் அது எடுக்கும் என்று தெரிந்தபோது நமக்கு இரட்டைச் சந்தோஷம்.

நோன்பு பிறந்துவிட்டால் உங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் முண்டியடிப்பார்கள். ஒரே நாளில் மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் இன்னொரு வீடு என்று சகன்களுக்கு ஓய்வே இருக்காது. அப்படி ஒருநாள் மத்தியான விருந்து முடிந்து சகன்கள் என் கிணற்றடிக்கு வந்தன. நீ அந்த வீட்டில் கணக்குப் பார்த்து மீதித் தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாய். நான் தனியாக இருந்தேன். கிணற்றில் கிடைத்தது ஒரு அண்டாத் தண்ணீர். ஊறவைக்க ஒன்று, முக்க ஒன்று என்று இரண்டு அண்டாவுக்கு வழியில்லை. இரண்டும் நல்ல சாமான், சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். துருவிய பப்பாளியையும் கிணற்று மருந்தையும் ஒரே அண்டாவில் கொட்டி, கரண்டியால் நன்றாகக் கலக்கினேன்.

கலக்கிய கொஞ்ச நேரத்தில் மருந்தின் காட்டமான வாசனை போய்விட்டது. மூக்கு எரியவில்லையே என்று நான் மகிழ்ந்தேன். அந்த வாசனை போனால் மருந்தே போய்விட்டது என்று அர்த்தம், அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பப்பாளியும் கரைக்கவில்லை, மருந்தும் வெளுக்கவில்லை. விளிம்புக்கு அடியில் முட்டை அப்படியே இருந்தது. மருந்தில் இருந்த சுண்ணாம்பு மட்டும் சாகாமல் மஞ்சள் கறையோடு சேர்ந்து, ஆரத்தி கரைத்தது போலத் தட்டெல்லாம் செம்மையாகத் திட்டுத் திட்டாகப் படிந்தது. அலசத் தண்ணீரும் இல்லை. பொழுது சாய்ந்திருந்தது, துணியால் துடைத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலக் கல்யாண வீட்டில் பந்திப் பாயை விரித்துச் சகன்களை வைத்தார்கள். பெண்ணின் தாயார் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். “இது என்ன, வெத்தில எச்சியா” என்று கேட்டார். பந்தி முழுக்கக் கேட்டது. யாரோ வாழை இலைக்கு ஆள் அனுப்பினார்கள். எல்லாச் சகன்களும் வந்த கூடைக்கே திரும்பின. நான் கொல்லைவாசலில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். அதற்குள் நீ முன்னால் போய்விட்டாய்.

“என் கைத் தப்புங்க. நான்தான் கழுவுனேன்.”

அந்த அம்மா என்னென்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டாய். வழியெல்லாம் நான் அழுதேன், நீ அழவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு நீ பதில் வைத்திருந்தாய். “நான் கழுவுனேன்னா ஏசிட்டு விட்டுருவாங்க. வேற மார்க்கத்துக்காரி நீ கழுவுனேன்னு தெரிஞ்சா இனிமே ஒன் கை படக் கூடாதும்பாங்க. ஒன் கையும் கெணறும் இல்லாம நான் என்ன செய்யிறது?”

செய்தி அறந்தாங்கிக்குப் போக இரண்டு நாள் ஆகவில்லை. உன் அண்ணன் வந்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. தங்கச்சி பேர் கெட்டதே என்ற வேதனையில் வந்தவர். திருமயத்தில் அவருக்குத் தெரிந்த வீட்டில் கல்யாணம் ஒன்று இருந்தது, அதற்குச் சகன் கொடுக்கிறேன் என்று நீ ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாய். அந்தக் கல்யாணத்திலும் தட்டு திரும்பி வந்தால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பிள்ளையோடு தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மருமக்கள். அந்த அடுப்பங்கரையில் உனக்கு என்ன இடம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜமீலா அப்போது மூன்றாம் வகுப்பு. நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விளிம்பு உடைந்த சகன் மூன்று இருந்தது. அவற்றை வைத்துக்கொண்டு நாம் செய்த ஆராய்ச்சியை எந்தக் காலேஜும் செய்திருக்காது. வேண்டுமென்றே முட்டையும் மஞ்சளும் பூசி வெயிலில் காயவைத்துக் கழுவிப் பார்த்தோம். ஒன்றில் பப்பாளி மட்டும், ஒன்றில் மருந்து மட்டும், ஒன்றில் இரண்டும். முதலாவதில் முட்டை போனது, மஞ்சள் நின்றது. இரண்டாவதில் மஞ்சள் போனது, முட்டை நின்றது. மூன்றாவதில் இரண்டும் நின்றன. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மூன்றாவதைப் பார்த்தாய். “ஒன்ன ஒன்னு தின்னுருது மதினி. தட்ட யாரும் திங்கல” என்றாய்.

வரிசையாக வைத்தால் சரியாகிவிடும் என்பது அப்போதே விளங்கிவிட்டது. முதலில் பப்பாளி, அலசல், பிறகு மருந்து. ஆனால் அதற்கு இரண்டு அண்டாத் தண்ணீரும் ஊறுவதற்கு ஒரு மணி நேரமும் வேண்டும். திருமயம் கல்யாணத்தன்று மத்தியானம் புதுக்கோட்டையில் ஒரு விருந்து. அது முடிந்ததும் பஸ் ஏற்றினால்தான் சாயங்காலப் பந்திக்குத் தட்டு சேரும். தண்ணீரும் இல்லை, நேரமும் இல்லை.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தைத் துணியில் முடிந்து, உருக்கிய மெழுகுவத்தியில் முக்கி எடுத்தேன். பப்பாளித் தண்ணீரில் அந்த உருண்டை சும்மா கிடக்கும். பப்பாளி தன் வேலையை முடித்ததும் ஒரு குடம் கொதிநீரை ஊற்றினால் மெழுகு உருகி மருந்து வெளியே வரும். ஒரே அண்டா, ஒரே தண்ணீர். மகள் சொன்ன கம்பெனிக்காரன் பூச்சும் கிட்டத்தட்ட இதுதான், அதனால்தான் எனக்கு அவ்வளவு சிரிப்பு. ஆனால் அவன் கெட்டிக்காரன். என் மெழுகு உருகி மருந்தோடு வந்து சகன் முழுக்கப் படலமாகப் படிந்தது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. நீ சிரித்துச் சிரித்துக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளும் மெழுகுதான் சரி, மெல்லிசாகப் பூசிப் பார்க்கலாம் என்று அடம்பிடித்தேன்.

நீ என்னோடு வாதாடவில்லை. துருவிய காயைக் கையில் அள்ளி, ஒட்டத் தண்ணீர் தெளித்து உடைந்த சகனில் பூசினாய். அதன்மேல் அடுத்த சகனைக் கவிழ்த்தாய்.

“கறிக்கித் தடவித்தானே வைக்கிறோம். அண்டாத் தண்ணியிலயா ஊறப் போடுறோம்? இத அப்புடியே கூடையில அடுக்குனா பஸ்ல போறப்பவே ஊறிரும்.”

இதுதான் அந்த யோசனை. முழுக்க உன்னுடையது. பப்பாளிக்கு அண்டா வேண்டாம், ஒரு செம்புத் தண்ணீர் போதும். ஊறுவதற்குத் தனியாக நேரம் வேண்டாம், புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில் இருக்கிற ரோடே போதும். நான் மெழுகைப் பற்றி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது அந்த ரூட்டில் கண்டக்டர். விருந்து முடிந்ததும் சகன்களை வழித்து, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பப்பாளி பூசி, ஜோடி ஜோடியாகக் கவிழ்த்து வைக்கோல் கூடையில் அடுக்கினோம். பஸ் மேலே ஏற்றி, காற்றில் காயாமல் ஈரச்சாக்கு போட்டு மூடினோம். பாதி வழியில் கூடையிலிருந்து ஒழுகி ஜன்னலோரம் இருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவர் எழுந்து கத்தினார். பப்பாளிப் பால்தான், தோலுக்கு நல்லது, அதற்குத் தனி டிக்கெட் கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் உன்னை அவ்வளவு பயத்தோடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திருமயத்தில் கல்யாண வீட்டுக் கொல்லையில் கூடையைப் பிரித்தோம். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதும் முட்டையும் பருக்கையும் நெய்ப்பிசுக்கும் வழிந்து ஓடின. துளி பப்பாளி இல்லாமல் அலசிவிட்டு, மருந்து கலந்த அண்டாவில் முதல் சகனை முக்கினேன். மஞ்சள் பட்டிருந்த இடம் சட்டென்று சிவந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அதே சிவப்பு, அதே வெற்றிலை எச்சில். வெளியே எடுக்கக் கையை விட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“இரு. செவந்துட்டுத்தான் வெளுக்கும்.”

இருந்தோம். மருந்தின் வாசனை மூக்கைத் துளைத்தது, அது சாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். சிவப்பு பழுப்பானது, பழுப்பு மங்கியது, கடைசியில் ரங்கூனில் வாங்கிய அன்றைக்கு இருந்திருக்கும் வெள்ளை வந்தது. அதன்பிறகு கல்யாண வீட்டு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி வாசனையையும் போக்கினோம்.

உன் அண்ணன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். மூன்று பேரோடு ஒரு சகனைச் சுற்றி அமர்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்கு வந்தார். கவிழ்த்து வைத்திருந்த சகன் ஒன்றை எடுத்து விளிம்புக்கு அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதுவும் வரவில்லை. இந்த யோசனை யாருடையது என்று கேட்டார்.

“மதினி யோசனை” என்று நீ என்னைக் காட்டினாய்.

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

ஏன் என் பெயரைச் சொன்னாய் என்று திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன், நீ சொன்னாய். “நான் கண்டுபிடிச்சேன்னா, ஏதோ நல்ல நேரம், இந்தத் தடவ தப்பிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போவாரு. ஒனக்கு வெவரம் தெரியும்னு நெனச்சாத்தான் நான் இங்கிட்டு ஒத்தையா இல்லன்னு அவருக்கு நம்பிக்க வரும்.” அவருக்கு நம்பிக்கை வந்தது. அறந்தாங்கிப் பேச்சு அன்றோடு முடிந்தது. சகன்கள் உன் வீட்டிலேயே இருந்தன, நீயும் என் பக்கத்து வீட்டிலேயே இருந்தாய். அந்த ஒரு பொய் உனக்கு வாங்கித் தந்தது அவ்வளவு.

எனக்கு வாங்கித் தந்தது அதைவிட அதிகம். ஊரெல்லாம் பேச்சு பரவி, பிரியாணிக் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் என் வாசலுக்கு வந்து கேட்டார்கள். பப்பாளியம்மா என்று பெயரே விழுந்தது. யாருக்கும் நான் ஒளித்தது இல்லை. முதலில் பப்பாளி, நன்றாக அலசு, பிறகு மருந்து, வாசனை போனால் மருந்தை மாற்று என்று மிடுக்காகச் சொல்லிக்கொடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து காய் துருவிக்கொண்டிருப்பாய். ஒரு தடவைகூட உன் முகம் மாறியதில்லை. அடுத்தவர் முன்னால் வேண்டாம், நம் இருவருக்குள்ளாவது நான் அதைப் பேசியிருக்கலாம். முதல் வருஷம் கூச்சம். பத்தாம் வருஷம் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். பிறகு எவர்சில்வர் தட்டு வந்து, ஜமீலாவுக்குக் கல்யாணமாகி நீ அவளோடு கீரனூர் போய், பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. இது கோழைத்தனம்தான் மதினி, வேறு நல்ல பெயர் இதற்கு இல்லை.

நேற்று உனக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். திருச்சியிலிருந்து கீரனூருக்குப் பஸ்ஸில் போனேன். கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஜமீலாவின் மருமகள் யாரிடமோ என்னைக் காட்டி, அந்தக் காலத்தில் சகன் கழுவ வழி கண்டுபிடித்தது இவர்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். முட்டி வலியோடு நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிச் சகனைக் கெடுத்தது நான். அந்தப் பழியை ஏற்றது ஜமீலாவின் அம்மா. அதற்கு வழி கண்டுபிடித்ததும் ஜமீலாவின் அம்மாதான். நான் தலையை ஆட்டியதோடு சரி.

ஜமீலா வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

“தெரியும் மாமி. அம்மா எப்பவோ சொல்லிருச்சு. மாமி வாயால வர்ற வரைக்கும் நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லிருச்சு.”

அப்படியானால் நீ காத்திருந்திருக்கிறாய். ஐம்பது வருஷத்துக்கு மேல், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும், பிறகு கீரனூரிலிருந்தும், நான் என்றைக்காவது சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறாய். என்னைப் பற்றி எனக்கே இல்லாத நம்பிக்கை உனக்கு இருந்திருக்கிறது. நீ நினைத்தது சரிதான் மதினி, சொல்லிவிட்டேன். கூடம் நிறையப் பேர் கேட்டார்கள். நீ கேட்கும்படி சொல்லவில்லை என்பது மட்டும்தான் என்னிடம் மிச்சம்.